டாக்டர் மீது புகார். சாட்சிக் கூண்டில் இன்னொரு டாக்டர்!

சென்னை நகரில் அடிக்கடி காணும் காட்சி இது.

ஆஸ்பத்திரியில் ஒரு உயிர் போகிறது. "டாக்டர் கவனிக்கல, அதான் செத்துட்டாரு" என்று உறவினர்கள் கதறுகிறார்கள். வாசலில் கூட்டம் கூடுகிறது. சாலை மறியல் நடக்கிறது. பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறார்கள். போலீஸ் அதிகாரி வந்து சமாதானம் பேசுகிறார். "புகார் எழுதிக் கொடுங்க, நடவடிக்கை எடுக்கிறோம்" என்கிறார். கூட்டம் கலைகிறது. பஸ் நகர்கிறது.

அதன்பிறகு அந்தப் புகார் என்ன ஆகிறது?

பலருக்கும் தெரியாத விஷயம் இது. அந்தப் புகார் போலீஸ் நிலையத்தோடு நிற்பதில்லை. அங்கிருந்து இன்னொரு டாக்டரின் மேஜைக்குப் போகிறது. "இது தவறான வைத்தியமா, இல்லையா?" என்று அவர் எழுதிக் கொடுக்கும் காகிதத்தில்தான் கேஸ் நிற்கிறது, அல்லது விழுகிறது.

டாக்டரைப் பற்றி டாக்டர் என்ன எழுதுவார்? "ஒரே சாதிக்காரங்க, ஒருத்தரை ஒருத்தர் காட்டிக் கொடுப்பாங்களா?" என்பது டீக்கடை கேள்வி. கோர்ட்டுகளும் இதே கேள்வியோடு பல ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருகின்றன.

வெறும் சிலிண்டர்

1995-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். பஞ்சாப் மாநிலம் லூதியானாவில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. இரவு 11 மணி அளவில் ஒரு முதியவருக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டது. டாக்டர்கள் வந்து சேர 20, 25 நிமிடம் ஆனதாக மகன்கள் புகாரில் சொன்னார்கள். வந்தவர்கள் ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டினார்கள். சிலிண்டர் காலி! அந்த அறையில் வேறு சிலிண்டர் கிடையாது. மகன் பக்கத்து அறைக்கு ஓடி ஒன்றைத் தூக்கி வந்தார். அதைப் பொருத்த வழியில்லை. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

டாக்டர்கள் மீது கிரிமினல் வழக்கு போடப்பட்டது. அந்த வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. 2005 ஆகஸ்டு 5-ந் தேதி தலைமை நீதிபதி லகோத்தி உள்பட 3 நீதிபதிகள் தீர்ப்பு சொன்னார்கள். வக்கீல்கள் மத்தியில் "ஜேக்கப் மேத்யூ கேஸ்" என்றால் இதுதான்.

சிலிண்டர் இல்லாததற்கு ஆஸ்பத்திரி நஷ்டஈடு கொடுக்க வேண்டி வரலாம், ஆனால் அதற்காக டாக்டரைக் கிரிமினல் கூண்டில் ஏற்ற முடியாது என்று கூறி வழக்கை ரத்து செய்தார்கள். அதோடு நிற்கவில்லை. இனி டாக்டர் மீது கிரிமினல் நடவடிக்கை என்றால் எப்படிப் போக வேண்டும் என்றும் வழி வகுத்தார்கள்.

தனிநபர் கோர்ட்டில் புகார் கொடுத்தால், "இது பெரும் கவனக்குறைவு" என்று காட்டும் விதமாக இன்னொரு தகுதியான டாக்டரின் நம்பத்தகுந்த கருத்தை இணைக்க வேண்டும். போலீசாரும் அப்படியே. நடவடிக்கைக்கு முன்பு சுதந்திரமான ஒரு டாக்டரிடம், கூடுமானவரை அதே வைத்தியப் பிரிவில் உள்ள அரசு டாக்டரிடம், கருத்து வாங்க வேண்டும். புகார் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் டாக்டரை வழக்கமான முறையில் கைது செய்யக் கூடாது.

காரணம் என்ன? இன்ஸ்பெக்டருக்கு வைத்தியம் தெரியாது. செத்தவரின் மகனுக்கும் தெரியாது. ஜெயில் பயத்தோடு ஆபரேஷன் செய்யும் டாக்டரின் கை நடுங்கும். அது அடுத்த நோயாளிக்கு ஆபத்து. இதில் நியாயம் இருக்கிறது. நோயாளி செத்தாலே டாக்டர் குற்றவாளி என்றால் சிக்கலான ஆபரேஷனுக்குக் கத்தியைத் தொட ஆள் கிடைக்காது.

2023-ல் வந்த பாரதிய நியாய சன்ஹிதா சட்டமும் இந்தத் தயவை விடவில்லை. கவனக்குறைவால் சாவு ஏற்படுத்தினால் மற்றவர்களுக்கு 5 ஆண்டு வரை ஜெயில். வைத்தியம் செய்யும்போது அப்படி நடந்தால் பதிவு பெற்ற டாக்டருக்கு 2 ஆண்டு வரைதான். 2024 ஜூலை 1 முதல் இது அமலில் இருக்கிறது.

பெரம்பூரில் நடந்தது

டாக்டர் எழுதும் காகிதத்துக்கு எவ்வளவு பலம் என்பதை சென்னையே நேரில் பார்த்தது.

2022 நவம்பர். கால்பந்து விளையாடும் ஒரு கல்லூரி மாணவிக்கு பெரம்பூர் பெரியார் நகர் அரசு ஆஸ்பத்திரியில் முட்டி ஜவ்வு ஆபரேஷன் நடந்தது. பிறகு போடப்பட்ட இறுக்கமான கட்டால் காலில் ரத்த ஓட்டம் நின்றது. ராஜீவ் காந்தி அரசு பொது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கால் அகற்றப்பட்டது. அப்படியும் மாணவி பிழைக்கவில்லை. நகரமே கொதித்தது.

முதலில் போலீசார் சந்தேக மரணம் என்றுதான் வழக்கு எழுதினார்கள். டாக்டர்கள் குழு விசாரித்து, கவனக்குறைவு இருந்தது என்று சொன்னது. 2 டாக்டர்கள் சஸ்பெண்டு ஆனார்கள். குழுவின் அறிக்கை கைக்கு வந்த பிறகே கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்ற 304-ஏ பிரிவுக்கு வழக்கு மாறியது.

டாக்டர்கள் டாக்டர்களைப் பற்றி எழுதவே மாட்டார்கள் என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் இதையும் கேட்க வேண்டியிருக்கிறது: பத்திரிகையும் டி.வி.யும் விளையாட்டு உலகமும் திரண்டு நிற்காத ஒரு சாவுக்கு, அதாவது யாரும் எட்டிப் பார்க்காத ஒரு கூலித் தொழிலாளியின் மனைவி சாவுக்கு, அறிக்கை இவ்வளவு சீக்கிரம் வருமா?

மலேரியா இலாகா அதிகாரி

கிரிமினல் கேஸ் ஒரு பாதை. நஷ்டஈடு கேட்பது இன்னொரு பாதை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பல பேர் ஏமாந்து போகிறார்கள்.

டாக்டர்கள் மீது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியுமா என்பதே ஒரு காலத்தில் சண்டையாக இருந்தது. முடியாது என்று 1994-ல் சென்னை ஐகோர்ட்டு சொன்னது. முடியும் என்று 1995 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு மாற்றிச் சொன்னது. கட்டணம் வாங்கிச் செய்யும் வைத்தியம் "சேவை"தான் என்று முடிவானது. டாக்டர் சங்கங்கள் கடைசி வரை எதிர்த்துப் பார்த்தன.

அப்படிப் போகிறவரும் ஒரு டாக்டரைக் கையோடு கூட்டிப் போக வேண்டுமா?

ஆமாம் என்றது சுப்ரீம் கோர்ட்டின் 2 நீதிபதிகள் அமர்வு ஒன்று, 2009 பிப்ரவரியில். டாக்டருக்கு நோட்டீசு அனுப்பும் முன்பே நிபுணரிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று அது கூறியது. நாடெங்கும் நுகர்வோர் கோர்ட்டுகளில் கேஸ்கள் திக்குமுக்காடின. "நிபுணர் கருத்து எங்கே?" என்று கேட்டு, இல்லை என்றால் மனுவைத் தள்ளும் நிலைமை ஆனது.

அடுத்த ஆண்டே, 2010 மார்ச்சு 8-ந் தேதி, இதற்கு மாற்று வந்தது. அந்த வழக்கின் கதை சுவாரசியமானது.

ஐதராபாத்தைச் சேர்ந்த ஒருவரின் மனைவிக்கு 2002 ஜூலையில் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்தார். டைபாய்டு என்று வைத்தியம் நடந்தது. குணமாகவில்லை. நிலைமை மோசமாகி வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே இறந்துபோனார். மரணச் சான்றிதழில் எழுதப்பட்ட நோய், மலேரியா! கணவர் வேலை பார்த்தது எங்கே தெரியுமா? அரசின் மலேரியா இலாகாவில் அதிகாரி. ஊருக்கெல்லாம் மலேரியா ஒழிக்கிற இலாகாக்காரர் வீட்டிலேயே இந்தக் கொடுமை.

மாவட்ட நுகர்வோர் கோர்ட்டு ரூ.2 லட்சம் நஷ்டஈடு கொடுத்தது. மாநில கமிஷன் ரத்து செய்தது. ஏன்? டாக்டரை சாட்சியாக விசாரிக்கவில்லையாம். தேசிய கமிஷனும் அதையே சொன்னது. மனிதர் விடவில்லை. சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்.

நீதிபதிகள் சிங்வி, கங்குலி இருவரும் பதிவேடுகளைப் புரட்டினார்கள். டைபாய்டு சோதனையில் நோய் இல்லை என்றே வந்திருந்தது. ஆஸ்பத்திரி தரப்பில் பேசிய டாக்டரே மலேரியாவுக்கு வைத்தியம் செய்ததாகச் சொல்லவில்லை. இதைப் புரிந்துகொள்ள நிபுணர் எதற்கு? எல்லா கேசுக்கும் நிபுணர் சாட்சி கட்டாயம் இல்லை, 2009-ல் சொன்னது முந்தைய பெரிய அமர்வுகளின் தீர்ப்புகளுக்கு முரணானது, ஜேக்கப் மேத்யூ நிபந்தனை கிரிமினல் கேசுக்கு மட்டும் என்று தெளிவாகச் சொல்லி, அந்த ரூ.2 லட்சத்தைத் திரும்ப வாங்கிக் கொடுத்தார்கள்.

வயிற்றுக்குள் துணியை வைத்துத் தைத்த கேஸ் மாதிரி சில உண்டு. மராட்டியத்தில் அவுரங்காபாத் அரசு ஆஸ்பத்திரியில் 1963-ல் பிரசவமான ஒரு பெண்ணுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தார்கள். வலி தாங்காமல் துடித்தார். வேறொரு டாக்டர் மீண்டும் திறந்து பார்த்தபோது உள்ளே துணி இருந்தது. அந்தப் பெண் இறந்தார். துணி தானாகப் போய் உட்காராது. நடந்த சம்பவமே சாட்சி. ஆனாலும் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வர 1996 ஆனது. முப்பத்து மூன்று ஆண்டு!

நிபுணர் எதற்கு?

அப்படியானால் நிபுணர் சாட்சியே வேண்டாமா என்றால், அதுவும் இல்லை. துணி, கத்தரிக்கோல் கேஸ் நூற்றில் எத்தனை வரும்? மருந்து அளவு கூடியதா, ஆபரேஷனை ஒருநாள் தள்ளியிருக்க வேண்டுமா, மயக்க மருந்தில் பிசகா என்பதெல்லாம் வக்கீலுக்கும் புரியாது, நீதிபதிக்கும் புரியாது. அங்கே ஒரு டாக்டர் வந்து விளக்கித்தான் ஆக வேண்டும்.

இங்கே ஒரு பழைய லண்டன் கேஸ் குறுக்கே வரும். 1957-ல் சொன்ன "போலம்" விதி அது. ஒரு டாக்டர் செய்ததை, அதே துறையில் பொறுப்பான டாக்டர்கள் சிலர் "சரியான முறைதான்" என்று ஏற்றுக்கொண்டால் அது கவனக்குறைவு ஆகாது. வேறு டாக்டர்கள் வேறு விதமாகச் செய்திருப்பார்கள் என்பதால் மட்டும் அவர் குற்றவாளி ஆகமாட்டார். இந்தியாவிலும் இதுதான் அளவுகோல்.

இதில் உள்ள ஓட்டை எல்லோருக்கும் தெரியும். நாலு சிநேகித டாக்டர்கள் வந்து "நாங்களும் அப்படித்தான் செய்வோம்" என்றால் கதை முடிந்ததா? இல்லை என்று இங்கிலாந்திலேயே 1997-ல் பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது. அந்தக் கருத்து தர்க்கத்துக்கு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நீதிபதி தள்ளிவிடலாம்.

நம் சுப்ரீம் கோர்ட்டும் 2009-ல் கான்பூர் ஆஸ்பத்திரி கேஸ் ஒன்றில் இதையே வேறு விதமாகச் சொன்னது. நிபுணர் என்பவர் நடந்ததைக் கண்ணால் பார்த்த சாட்சி அல்ல. அவர் ஆலோசனை சொல்கிறவர். முடிவை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார் என்று காரணம் காட்ட வேண்டும். அவர் பெயருக்குப் பின்னால் எத்தனை எழுத்துப் பட்டம் இருந்தாலும், காரணம் இல்லாத கருத்து வெறும் கருத்துதான்.

குறுக்கு விசாரணை நடக்கும்போது பார்த்தால் இது புரியும். "நீங்கள் கேஸ் ஷீட் முழுவதையும் படித்தீர்களா?" என்பார் வக்கீல். "எனக்குக் கொடுத்ததைப் படித்தேன்" என்பார் டாக்டர். "நர்ஸ் குறிப்பு கொடுத்தார்களா?" "இல்லை." அங்கேயே பாதி அறிக்கை காலி. நோயாளி தரப்புக்காக வந்தவரும் இப்படி மாட்டுவது உண்டு.

வர மறுப்பது ஏன்?

நோயாளி பக்கம் பேச டாக்டர் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைத்தாலும் வேறு ஊரில் தேட வேண்டும். காரணம் தெரிந்ததுதான். நாளைக்கு இதே டாக்டரோடு மாநாட்டில் உட்கார வேண்டும். தன்னிடம் நோயாளிகளை அனுப்புகிறவர் அவராகவே இருக்கலாம். போதாக்குறைக்கு கோர்ட்டு வாய்தா. கிளினிக்கை மூடிவிட்டு வந்து, சாயங்காலம் வரை வராந்தாவில் காத்திருந்து, "அடுத்த மாதம் வாங்க" என்று கேட்டுவிட்டுப் போக யாருக்கு மனசு வரும்?

இந்தக் கடைசி சாக்குக்கு 2002-லேயே சுப்ரீம் கோர்ட்டு வழி சொல்லியிருக்கிறது. நுகர்வோர் கேஸ்களில் நிபுணரிடம் கேள்விகளை எழுதி அனுப்பி பதில் வாங்கலாம். வீடியோ மூலமும் விசாரிக்கலாம். அதனால் நேரமில்லை என்பதை முழுக் காரணமாக ஏற்க முடியாது. மிச்சம் இருப்பது தாட்சண்யம்தான்.

பணமும் படிப்பும் உள்ளவருக்கு இந்தக் கஷ்டம் குறைவு. கொல்கத்தாவில் நடந்த வைத்தியத்துக்குப் பிறகு 1998-ல் மனைவியை இழந்த ஒருவர் அமெரிக்காவில் இருந்த டாக்டர். தானே மருத்துவ நூல்களைப் புரட்டினார். வெளிநாட்டு நிபுணர்களின் கருத்துகளை வாங்கினார். தேசிய கமிஷன் 2006-ல் தள்ளியும் விடவில்லை. 2009-ல் கவனக்குறைவு உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2013-ல் ரூ.5 கோடியே 96 லட்சமும் வட்டியும் கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நாட்டையே அசர வைத்த தொகை.

சைதாப்பேட்டை கிளார்க்கும் கொத்தவால்சாவடி கடைக்காரரும் வெளிநாட்டு நிபுணருக்கு எங்கே போவார்கள்? அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒவ்வொரு பிரிவுக்கும் பெயர்ப் பட்டியல் வைத்து, கோர்ட்டு கேட்டால் இத்தனை நாளுக்குள் காரணத்தோடு கருத்து தர வேண்டும் என்று அரசு ஏற்பாடு செய்தால் என்ன குறைந்துவிடும்? அதற்காகும் செலவு பெரிய தொகையாக இருக்காது.

எழும்பூர் குழந்தை

கோர்ட்டே கேட்டு வாங்கும் கருத்து எப்படி வேலை செய்யும் என்பதற்கு எழும்பூர் கேஸ்தான் சரியான உதாரணம்.

எழும்பூர் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியில் 1996 ஆகஸ்டு 30-ந் தேதி ஒரு பெண் குழந்தை பிறந்தது. 29 வாரத்திலேயே பிறந்த குறைமாதக் குழந்தை. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைத்து, ஆக்சிஜன் கொடுத்துக் காப்பாற்றினார்கள். செப்டம்பர் 23-ந் தேதி வீட்டுக்கு அனுப்பினார்கள். உயிரைக் காப்பாற்றிய புண்ணியம் டாக்டர்களுக்கு உண்டு. ஆனால் கண்ணை யாரும் பார்க்கவில்லை. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு விழித்திரையைக் கெடுக்கும் ஒரு நோய் வரும். சீக்கிரம் பார்த்தால் தடுக்க வழி உண்டு. குழந்தைக்கு இரண்டு கண்ணும் போய்விட்டது.

தகப்பனார் வழக்கு போட்டார். டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் குழுவின் கருத்து கேட்கப்பட்டது. அவர்கள் 2007-ல் அறிக்கை கொடுத்தார்கள். இன்ன டாக்டர் குற்றவாளி என்று பக்கம் பக்கமாக எழுதி இருந்தார்களா என்றால் இல்லை. இந்த நோய் பிறவியில் வருவதில்லை, பிறந்து 2 முதல் 4 வாரத்தில் தொடங்கும், அப்போது முதல் கண் பரிசோதனை கட்டாயம், 1,500 கிராமுக்குக் குறைந்த, 32 வாரத்துக்கு முன்பு பிறந்த குழந்தைகளைச் சோதிக்க வேண்டும் என்று துறையின் முறையைச் சொன்னார்கள்.

மற்றதை நீதிபதிகள் காலண்டரை வைத்தே கணக்குப் போட்டுவிடலாம். குழந்தை 29 வாரம், 1,250 கிராம். வீட்டுக்குப் போனபோது வயது மூன்றரை வாரம். பரிசோதனை செய்ய வேண்டிய நாட்களில் குழந்தை ஆஸ்பத்திரிக்குள்தான் இருந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் கண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை கூட இல்லை. தேசிய கமிஷன் 2009-ல் கொடுத்த ரூ.5 லட்சத்தை, 2015 ஜூலை 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு சுமார் ரூ.1 கோடியே 80 லட்சமாக உயர்த்தியது. அப்போது அந்தப் பெண்ணுக்கு 18 வயது.

எய்ம்ஸ் டாக்டர்கள் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை, யாரையும் காப்பாற்றவும் இல்லை. வைத்திய முறை இது என்று மட்டும் சொன்னார்கள். நிபுணர் சாட்சியிடம் கோர்ட்டு எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

காகிதம் முக்கியம்

எய்ம்ஸ் அறிக்கையோடு டிஸ்சார்ஜ் சீட்டும் சேர்ந்துதான் அந்த கேசை ஜெயித்தது. நிபுணர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கையில் கேஸ் ஷீட் இல்லாவிட்டால் அவர் எதை வைத்துப் பேசுவார்?

வாசலில் மறியல் செய்கிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். "அறுக்க விடமாட்டோம்" என்று பிரேத பரிசோதனையை மறுத்து உடலை வாங்கிப் போய் எரித்துவிட்டால், எதனால் செத்தார் என்பதை எந்த நிபுணரும் உறுதியாகச் சொல்ல முடியாது. துக்கத்தில் அப்படித்தான் தோன்றும், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிக்கும் இடம் அது.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக 2 ஆண்டு கெடு இருக்கிறது. உள்நோயாளி பதிவேடுகளை, வைத்தியம் தொடங்கிய நாளில் இருந்து 3 ஆண்டுகள் டாக்டர் வைத்திருக்க வேண்டும் என்பது 2002-ம் ஆண்டு மருத்துவ கவுன்சில் விதி. நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால், கேட்டதற்கு ஒப்புதல் கொடுத்து, 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்பதும் அதே விதியில் உள்ளது.

வாயால் கேட்டால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். எழுத்தில் கேட்டு, மனுவின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். 72 மணி நேரத்தை அந்த முத்திரையில் இருந்துதான் எண்ண முடியும்.